சத்தம் போடாத பிரேக்

கடைக்காரர் பொட்டலத்தைப் பிரித்து முடிக்கும்வரை அவனுக்கு மூச்சு வரவில்லை.

பழைய நாளிதழில் சுற்றி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிய பொட்டலம். உள்ளே அவனுடைய எஸ்யூவியின் பிரேக் பேடுகள், நான்கு.

வண்டி மாடலைச் சொன்னால் புதுசு கிடைத்துவிடும் என்றுதான் நினைத்திருந்தான். கடைக்காரர் போனிலேயே மறுத்துவிட்டார்.

"சாம்பிள் இல்லாமக் குடுத்தா மாறிப் போயிருமுங்க. பழசைக் கொண்டாங்க."

கோயமுத்தூரில் எந்த உதிரிபாகக் கடைக்குப் போனாலும் இதே கதைதான்.

பழசைக் கொண்டு வந்ததில்கூட அவனுக்குப் பயமில்லை. சாரதாமணி கூட வந்ததில்தான் பயம்.

அவன் மனைவி. வலது கையில் மாவுக்கட்டு. டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும் வழி. ஆட்டோவிலேயே உட்காரச் சொன்னான். கேட்காமல் இறங்கி வந்துவிட்டாள்.

விபத்து நடந்து மூன்று வாரமாகிறது.

கோத்தகிரி இறக்கம். அவள் ஓட்டினாள். அவன் பக்கத்தில் இருந்தான். வளைவில் வண்டி நிற்காமல் போனபோது, "அழுத்து, அழுத்து!" என்று கத்தினான்.

"அழுத்திட்டுதாங்க இருக்கேன்" என்றாள்.

தடுப்புச் சுவரில் போய் மோதித்தான் நின்றது.

அவளுக்குக் கால் பதறிவிட்டது என்று ஊர் முழுக்கச் சொன்னவன் அவன்தான். அவளுடைய அண்ணன்கள் மூன்று பேரும் ஆஸ்பத்திரியில் வைத்தே சிரித்தார்கள். இவளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்றார் மூத்தவர். கேட்டுக் கேட்டு அவளே அதை நம்பிவிட்டாள். நாற்பது வயதில், ஆசை ஆசையாய் எடுத்த லைசென்ஸ். அதைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"என்னாலதானுங்க உங்களுக்கு இத்தனை அலைச்சல்." தினம் ஒருமுறையாவது சொல்லிவிடுகிறாள்.

நான்காம் நாள் பட்டறையில் மெக்கானிக் பேடைக் கழற்றிக் கையில் கொடுத்தார். பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தான். அவள் இடது கையால் பரிமாறினாள். ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்தான். அந்தச் சோறு தொண்டையில் எப்படி இறங்கியது என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கடைக்காரர் பேடை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சுத்தமாத் தேஞ்சு இரும்பும் இரும்பும் உரசியிருக்குதுங்க. டிஸ்க்கும் போயிருக்கும். ரெண்டையும் மாத்தியே ஆகோணும்." பிறகு பேடைத் திருப்பினார். "இதென்னங்க, தகட்டை வெட்டி உட்டிருக்குது?"

சாரதாமணி முன்னால் வந்தாள்.

"என்ன தகடுங்க?"

அவர் ஒரு புது டப்பாவைத் திறந்து காட்டினார். பேடின் ஓரத்தில் நகம் அளவுக்கு வளைந்த ஒரு தகடு. பேடு தேய்ந்துபோனால் அது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று கத்தும். கத்தினால் பேடை மாற்ற வேண்டும். அதற்கு வேறு வேலையே கிடையாது.

"இதை வெட்டிட்டா, தேஞ்சது தெரியவே தெரியாதுங்கம்மா. அப்புறம் என்னதான் மிதிச்சாலும் வண்டி நிக்காது. எவனோ வேலை தெரியாத மெக்கானிக் கை வெச்சிருக்கான்."

மெக்கானிக். எவ்வளவு நல்ல மனிதர் இந்தக் கடைக்காரர். ஆமாம் என்று தலையாட்டினால் போதும்.

தலை பாதி ஆடியும் விட்டது.

சாரதாமணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பு, பிரேக் கீச்சிட ஆரம்பித்திருந்த ஒரு லீவு நாள். அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றியிருந்தான். செல்போனில் வீடியோ ஓடியது. கையில் கட்டிங் பிளேயர். அவள்தான் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ரெண்டே நிமிஷத்தில் சத்தத்தை நிறுத்திவிட்டேன் பார் என்று அவளிடம்தான் பீற்றிக்கொண்டான். அவளும் மெச்சினாள். வாய் நிறைய மெச்சினாள்.

பாதி ஆடிய தலை அப்படியே நின்றது.

கடைக்காரர் இரண்டு டப்பாக்களை மேசையில் வைத்தார்.

"இது சத்தமே வராதுங்க, டவுனுக்குள்ள ஓட்டச் சரி. இது கொஞ்சம் சத்தம் போடும், ஆனா மலை இறக்கத்துல நல்லாப் பிடிக்கும். வண்டி யாருங்க ஓட்டறது?"

அவன் வாயைத் திறந்தான்.

"நான்தானுங்க" என்றாள் அவள். "மலைக்கு ஆகறதையே குடுங்க. டிஸ்க்கும் ரெண்டு பக்கத்துக்கும் எடுத்து வெச்சிருங்க."

மன்னிப்புக் கேட்க இதுதான் நேரம் என்று அவனுக்குத் தெரிந்தது. நாலு பேர் இருக்கிற இடத்தில் எப்படிக் கேட்பது என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டான். கடையில் அவர்கள் மூவரைத் தவிர ஈ காக்கை இல்லை.

கடைக்காரர் பழைய பேடுகளை அள்ளிக் கழிவு இரும்புக் கூடையில் போடப் போனார்.

"அதுல ஒண்ணு எனக்கு வேணுங்க" என்றாள். அவர் எடுத்துக் கொடுத்ததைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். "இது இல்லீங்க. வெட்டினது."

நாளிதழைக் கிழித்து, பொறுமையாகச் சுற்றி, கைப்பையில் வைத்தாள். இடது கையால் ஜிப்பை இழுத்தாள். பாதியில் சிக்கியது. அவன் உதவக் கை நீட்டினான். அவள் பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, தானே இழுத்து மூடினாள்.

ஆட்டோவில் டிஸ்க்குகளை மடியில் வைத்துக்கொண்டு அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் வந்தான். திட்டினால் தேவலை என்று இருந்தது. சிக்னலில் ஆட்டோ நின்றபோது அவள் கைப்பையை மடியில் அணைத்தபடி வாயைத் திறந்தாள். எப்போதும் பேசுகிற அதே குரல்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமை அண்ணனுங்க மூணு பேரும் சாப்பிட வர்றாங்க. கறி கொஞ்சம் கூடவே எடுத்துட்டு வந்துருங்க."