கடைசி டோக்கன்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த நெடுந்தூர டிரையத்லான் முடியும் இடத்தில் பந்தலைப் பிரிக்கத் தொடங்கினார்கள். பெரியவர் சம்பங்கி நகரவில்லை.

“ஒருத்தர்தான் பாக்கி, அங்கிள். மேடு ஏற முடியாம நடந்து வர்றாங்களாம். நீங்க வீட்டுக்குப் போங்க,” என்றான் போட்டி நடத்துபவர்களில் ஒருவன்.

“இன்னா தம்பி பேசறே? மாரிகுப்பம் கோல்டு மைன்ஸ்ல, சுரங்கத்துக்குள்ள எறங்கறவங்களுக்கு டோக்கன் குடுக்கற ரூம்ல இருந்தவன் நான். கீழ போனவன் மேல வந்து டோக்கனைக் குடுக்காம நான் வீட்டுக்குப் போனதே இல்ல. இது என் பையன் பிரேம் பேர் குடுத்த மொதல் போட்டி.”

மேட்டில் ஓர் உருவம் தெரிந்தது. தள்ளாடி வந்து கோட்டைத் தாண்டியவள் தாரா; போன மாதம் ஏரியில் நீச்சல் பழகப் போய்ப் பிணமாகத் திரும்பிய பிரேமின் மனைவி.

காலில் கட்டியிருந்த, பிரேம் பெயரில் பதிவான, நேரம் கணக்கிடும் சிப்பைக் கழற்றி மாமனார் கையில் வைத்தாள்.

“அவரு டோக்கன், மாமா.”

சம்பங்கி டோக்கன் ரூமின் பழைய வழக்கப்படி உரக்கக் கூவினார்: “பிரேம்... மேல வந்தாச்சு!”