ஒழுகும் இடம்

கார் ஏசியில் காஸ் நிற்கவேயில்லை. மெக்கானிக்கிடம் போனால் டாஷ்போர்டையே பிரித்துப் போட்டுவிடுவார் என்று பயந்து, சாயம் கலந்த காஸை வாங்கி நானே நிரப்பினேன். எங்கே ஒழுகுகிறதோ அங்கே சாயம் படியும். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதா விளக்கை அடித்தால் பச்சையாக ஒளிரும்.

எங்கள் வீட்டுக்குள் ஏசி கிடையாது. வெக்கை தாங்காத மதியங்களில் அம்மா, "நான் கொஞ்ச நேரம் ஊருக்குப் போயிட்டு வரேன்" என்று சிரித்துக்கொண்டே, வாசலில் நிற்கும் காரில் ஏறி ஏசியைப் போட்டுக்கொள்வாள். போன மாதம் அம்மா இறந்துபோனாள். காஸ் குறைய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

இன்று பொழுது சாய்ந்ததும் பானெட்டைத் திறந்து குழாய், மூட்டு, கம்ப்ரஸர் என ஒன்றுவிடாமல் விளக்கடித்துப் பார்த்தேன். எங்கேயும் ஒரு பொட்டு பச்சை இல்லை. ஆனால் காஸ் சுத்தமாகத் தீர்ந்திருந்தது.

"காபி ஆறுதுங்க" என்று மனைவி கூப்பிட்டாள். கண்ணாடியைக் கழற்றாமல், விளக்கை அணைக்காமல் உள்ளே போனேன். கூடத்தில் இன்னும் லைட் போடவில்லை. அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வீடே வேகுது, அத்தை நாற்காலி மட்டும் சிலுசிலுன்னு இருக்குங்க. எங்க ஒழுகுதுன்னு தெரிஞ்சுதா?"

விளக்கை அவள் பக்கம் திருப்பினேன். நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளிலும், இறுகப் பிடித்தபடி, பத்து விரல்கள் பச்சையாக ஒளிர்ந்தன.

அவளுடைய இரண்டு கைகளும் மடியில் துணியை மடித்துக்கொண்டிருந்தன.