அம்பு போட்ட மடையன்

ஸ்பெயினின் எப்ரோ ஆற்றங்கரைச் சாலையில் கார்கள் வராது, சைக்கிள்கள்தான் பறக்கும். ஆனால் போன வருடம் ஒன்றுகூட டெக்லாவின் சாப்பாட்டுக் கடையில் நிற்கவில்லை. காரணம் அவளுக்கு முதலில் பிடிபடவே இல்லை. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

இந்த வருடமோ உட்கார இடமில்லை.

"இந்தப் பாதைக்கு அம்புக்குறி போட்ட மடையன் யாருக்கா?" சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு மூச்சிரைக்கக் கேட்டான் ஃபெரியோல். "முப்பது கிலோமீட்டரும் எதிர்காற்று! ஒரு கழுதையக் கேட்டிருந்தாகூட ஒழுங்கா வழி சொல்லியிருக்கும்."

"மூளையே இல்லாத ஜென்மம்," என்று ஒத்து ஊதினாள் டெக்லா. "இன்னொரு பீர்?"

"ரெண்டு குடு. அந்த விலாங்கு வறுவலும்."

பழைய அம்புகள் மங்கியதும் ஊராட்சி பெயிண்ட் டப்பாவை டெக்லாவிடம்தான் கொடுத்திருந்தது. காற்று முதுகைத் தள்ளினால் எவனுக்கும் தாகம் எடுக்காது. அதனால் எல்லா அம்புகளையும் அவள் காற்றுக்கு எதிராகத் திருப்பி வரைந்துவிட்டாள்.