ஓவிய அறைச் சாவி

"சாவியை மேசையில வைங்க சார்."

ஓவிய ஆசிரியர் வைக்கவில்லை. பெயின்ட் கறை போகாத விரல்களில் அதை உருட்டிக்கொண்டே நின்றார்.

"எதுக்கு மேடம்?"

"எதுக்கா? பெல் அடிச்சு எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, ஏழாம் வகுப்புப் பொண்ணை உங்க ரூம்ல உக்கார வச்சுக் கதவைச் சாத்துறீங்க. வாசல்ல ஸ்டூல் போட்டுக் காவல் வேற. ஒரு மாசமா நடக்குது. எதுக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

"படம் வரையுது."

"ஒரு மாசமாவா? என்ன, அரண்மனைக்கா வரையுது?"

பக்கத்தில் நின்ற கிளார்க் சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார்.

தலைமையாசிரியைக்குக் கொதித்தது. போன மாதம்தான் பள்ளிக்குக் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை கொண்டுவந்திருந்தார். ஆசிரியர்கள் அத்தனை பேரையும் ஹாலில் உட்காரவைத்து, புறக்கணிப்பு என்றால் என்ன, எல்லை மீறல் என்றால் என்ன, நம்பிக்கைக்குரிய பெரியவர் என்றால் யார் என்று தொண்டை கட்டும்வரை விளக்கினார். எல்லாவற்றையும் பெரிய அட்டையில் எழுதி வராந்தாவில் மாட்டியும் ஆயிற்று. 'நம்பிக்கைக்குரிய பெரியவர்' என்பதற்குக் கீழே அவருடைய போட்டோவே இருக்கிறது.

"பயிற்சியில பாதியில எழுந்து போனவர்தானே நீங்க? முழுசா உக்காந்து கேட்டிருந்தா, ஒரு பிள்ளையைத் தனியா ரூம்ல வச்சுக் கதவைச் சாத்தக்கூடாதுன்னு தெரிஞ்சிருக்கும்."

"மேடம், அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்க. எதையோ கண்டு பயப்படுது. என்கிட்ட வாயைத் திறக்கல. ரெண்டு தடவை உங்க ரூம் வாசல் வரைக்கும் வந்தேன், மீட்டிங்னு..."

"பேச்சை மாத்தாதீங்க. குழந்தையை இதுல இழுக்கக் கூடாது. அதுவும் விதிதான். விசாரணை முடியிற வரைக்கும் நீங்க ஸ்கூலுக்கு வர வேண்டாம்."

இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்பதுபோல் ஆசிரியர் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"வயசான காலத்துல இது தேவையா இவருக்கு?" என்றார் கிளார்க்.

தலைமையாசிரியை சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிய நிம்மதி. அன்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார்.

அடுத்த வாரம் ஒரு மாலை. கணக்கு வழக்கெல்லாம் முடித்துக் கிளம்பியவர், வராந்தாவில் மாடிப்படிக்கு அடியில் ஏதோ அசைவதைப் பார்த்து நின்றார்.

அந்தப் பெண்தான். பையை மடியில் இறுக்கிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே அந்தப் பாதுகாப்பு அட்டை தொங்கியது.

"இங்க என்னம்மா பண்றே? வீட்டுக்குப் போகல?"

"போறேன் மிஸ்."

எழுந்திருக்கவில்லை. பூட்டிக் கிடந்த ஓவிய அறையையே பார்த்தாள்.

"யாராவது கூட்டிட்டுப் போக வராங்களா?"

"இல்ல மிஸ். அம்மா வேலையிலேர்ந்து வர இருட்டிடும்."

"அதனால?"

"அதுவரைக்கும் வீட்டுல சித்தப்பா மட்டும்தான் இருப்பாரு."

அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தலைமையாசிரியை அவளருகே தரையில் உட்கார்ந்தார்.

"டிராயிங் சாருக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஒரே ஒரு தடவை ஏன்னு கேட்டாரு. எனக்கு அழுகை வந்திடுச்சு. அப்புறம் கேக்கல. 'அம்மா வர்ற நேரம் வரைக்கும் உக்காந்து வரை'ன்னாரு. அவர் உள்ளயே வர மாட்டாரு மிஸ்."

"கதவு?"

"நான்தான் சாத்தச் சொன்னேன். ஒரு நாள் சித்தப்பா என்னைத் தேடிக்கிட்டு இங்கயே வந்துட்டாரு. சார்தான், உள்ள யாரும் இல்லன்னு சொல்லித் திருப்பி அனுப்பினாரு. அதிலேர்ந்து வெளியிலதான் ஸ்டூல் போட்டு உக்காருவாரு."

தலைமையாசிரியை பூட்டிக் கிடந்த அறையைத் திரும்பிப் பார்த்தார்.

"ரூம் பூட்டினதுலேர்ந்து... தினமும் இங்கதான் இருக்கியா?"

"இங்கதான் மிஸ். வாட்ச்மேன் பார்க்காம இருந்தா."

"பார்த்துட்டா?"

பெண் பையின் வாரைச் சுருட்டினாள். பிரித்தாள். மறுபடி சுருட்டினாள்.

"வீட்டுக்குப் போகச் சொல்லிடுவாரு."

வாட்ச்மேன் எத்தனை நாள் பார்த்தார் என்று கேட்கத் தலைமையாசிரியைக்குத் தைரியம் வரவில்லை. கைப்பைக்குள் சாவி கிடந்தது. இத்தனை நாளும் அங்கேதான் கிடந்தது.

"இன்னிக்கு நீ அங்க போக வேண்டாம். என்கூடவே இரு. அம்மாவுக்கு நான் போன் பண்றேன். செய்ய வேண்டியதை இனி நான் செய்யறேன்." அவள் தலையைத் தடவினார். "ஏண்டா கண்ணு, முதல்லயே என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

பெண் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் குறை சொல்லும் எண்ணம் துளியும் இல்லை.

"வந்தேனே மிஸ். அன்னிக்கு ஹால்ல, பிள்ளைங்க ஏதாவது சொல்ல வந்தா போட்டது போட்டபடி விட்டுட்டுக் கேக்கணும்னு எல்லா டீச்சருக்கும் சொல்லிட்டிருந்தீங்க. வாசல்ல என்னைப் பார்த்ததும் அப்புறம் வான்னு கையைக் காட்டினீங்க. டிராயிங் சார் மட்டும்தான் எழுந்து வெளியில வந்தாரு."