ஆரஞ்சு விளக்கு அணையும் வரை

அம்மா சாவியை ஒரு படி மட்டும் திருப்பினாள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சின்ன ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

"அணையட்டும்" என்றாள். என்னிடம் இல்லை, தனக்கே.

ஜூலை மாதம், ஆஸ்திரேலியாவில் நடுக் குளிர்காலம். கைரா மேட்டில் காலை ஏழு மணிக்குப் புல்லெல்லாம் உறைபனி, உப்பைக் கொட்டியது போல. இந்தக் குளிரில் டீசல் எஞ்சினை அவசரப்படுத்தக் கூடாது. முதலில் உள்ளே கம்பி சூடாக வேண்டும். சூடானால்தான் விளக்கு அணையும்.

படுக்கையும் அடுப்பும் உள்ள எங்கள் மோட்டார்ஹோமின் பேட்டரி கிழடு. ஒரு தடவை ஒழுங்காகச் சுற்றும். இரண்டாவது தடவை முனகும். மூன்றாவது கிடையாது.

இன்று கிளம்பவில்லை என்றால் அம்மா என்றைக்கும் கிளம்ப மாட்டாள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்காகத்தான் சிட்னியிலிருந்து ஒரு நாள் முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்தேன்.

பதினோரு வருடம் இந்தச் சாவியை அப்பா அவளைத் தொடவிட்டதில்லை. அவளுக்கு இடது பக்க இருக்கை, வரைபடம், தெர்மாஸ். இரவு தங்கும் கேரவன் பார்க்கில் வண்டியை நிறுத்தும்போது இறங்கிப் பின்னால் நின்று கை காட்டுவது அவள் வேலை. தப்பாகக் காட்டினதற்கு பார்க் முழுக்கக் கேட்கும்படி திட்டு வாங்குவதும் அவள் வேலை. மற்றவர்கள் பியரோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து அதை வேடிக்கை பார்ப்பார்கள். எல்லா பார்க்கிலும் சாயங்காலப் பொழுதுபோக்கு அதுதான்.

எனக்கு அப்பாவைவிட அந்த நாற்காலிக்காரர்கள் மேல்தான் கோபம் அதிகம்.

விளக்கு அணைந்தது. அம்மா ஸ்டார்ட் செய்யவில்லை. சாவியைப் பின்னுக்குத் திருப்பிவிட்டு, மறுபடி முதல் படிக்குக் கொண்டுவந்தாள்.

"பனி விழுந்த அன்னிக்கு ரெண்டு தடவை" என்றாள்.

யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பதினோரு வருடம் பார்த்தது.

பார்க்கில் எங்களுக்கு அடுத்த இடத்துக்காரர் காபிக் கோப்பையோடு வந்தார். நேற்று இருட்டிய பிறகு வந்து சேர்ந்தவர், பெயர் கெல்வின். சாவி போட்ட வண்டி கிளம்பாமல் நின்றால் இந்த ஆட்களுக்குத் தூக்கம் கலைந்துவிடும்.

"என்னம்மா, மக்கர் பண்ணுதா? நல்லா மிதிங்க ஆக்ஸிலரேட்டரை!"

அம்மா மிதிக்கவில்லை.

"வீட்டுக்காரரை வரச் சொல்லுங்களேன். இதெல்லாம் அவங்க சமாச்சாரம்."

"இனிமே நான்தான் ஓட்டறேன்."

கெல்வின் முகம் தொங்கிவிட்டது. அம்மாவின் நரைத்த தலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "பாவம்மா நீங்க. இருங்க, ரெண்டே நிமிஷம்" என்று ஓடினார். ஒரு ஸ்ப்ரே டப்பாவோடு திரும்பி வந்தார். "காத்துக் குழாய்ல ஒரு புஸ்ஸு. செத்த எஞ்சினும் எழுந்து உக்காரும்."

நான் கீழே குதித்தேன்.

"அடிக்காதீங்க. உள்ள கம்பி பழுக்கக் காய்ஞ்சிருக்கு. அதுல இது பட்டா வெடிக்கும்."

"நாப்பது வருஷமா என் டிராக்டருக்கு அடிக்கறேன், கண்ணு."

"டிராக்டர் உங்களோடது. இது எங்கம்மாவோடது. கையை எடுங்க."

"அம்மாடியோவ்! படிச்ச புள்ளையோ?"

"ஆமா. எங்க குடும்பத்துலயே முதல் ஆளு. கையை எடுங்க."

எடுத்தார். இறங்கின கையோடு, வண்டிக்கு மின்சாரம் தரும் கேபிளைக் கம்பத்திலிருந்து பிடுங்கிச் சுற்றினேன். இறக்க வேண்டியதை இறக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

விளக்கு அணைந்தது.

அம்மா சாவியை முழுக்கத் திருப்பினாள். எஞ்சின் சுற்றியது, கனமாக, சேற்றில் நடப்பதுபோல. அவள் வாய்விட்டு எண்ணினாள். பத்துக்கு மேல் போனால் நிறுத்திவிட வேண்டும். ஆறு. ஏழு. சுற்றல் தளர்ந்தது. எட்டு. வலது கால் தரையிலேயே இருந்தது. ஒரு இஞ்ச் நகரவில்லை.

ஒன்பதில் பிடித்துக்கொண்டது.

வெள்ளைப் புகை கெல்வினை மறைத்தது. "இப்ப மிதிங்க!" என்று புகைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"போலாம்மா" என்றேன்.

"எண்ணெய் மேல ஏறணும்."

"அம்மா, போ!"

"கத்தாதடி. முறையாத்தான் கிளம்புவேன்."

அந்த ஒரு நிமிடத்தில் நான் என் நகங்களையெல்லாம் கடித்துவிட்டேன். அவள் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, சத்தத்தின் நடுக்கம் அடங்கிச் சீராகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கியரைப் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். கெல்வின் கையாட்டினார். வண்டி நகர்ந்தது.

பார்க் வாசலுக்கு வந்தபோதுதான் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்.

இந்தப் பார்க்கின் குளியலறைப் பெட்டியில் ஒரு டோக்கன் போட்டால் எட்டு நிமிடம் வெந்நீர் வரும். அப்பா எட்டையும் நின்று முடித்துவிட்டுத்தான் வெளியே வருவார்.

வந்திருந்தார். தலை ஈரம், தோளில் துண்டு. வெள்ளை வெளேரென்ற புல்வெளியில் எங்கள் வண்டி நின்ற இடம் மட்டும் பனி படாமல் பச்சைச் செவ்வகமாக இருந்தது. அதன் ஓரத்தில் அவருடைய துணிப்பை, பூட்ஸ், ரத்தக்கொதிப்பு மாத்திரை டப்பா. பக்கத்தில் கெல்வின், வாய் திறந்தபடி.

அம்மாவும் கண்ணாடியைப் பார்த்தாள்.

சாலையில் இரண்டு பக்கமும் ஒரு வண்டி இல்லை. இருந்தாலும் இண்டிகேட்டர் போட்டு, அது மூன்று முறை சிமிட்டும்வரை காத்திருந்து, வடக்கே திரும்பினாள்.