வண்டி சுத்தம்

அவன் கட்டைவிரல் ஸ்கேனரின் அழிக்கும் பொத்தான் மேல் போய் நின்றது.

பட்டறைக்கு வரும் எந்த வண்டியிலும் ஸ்கேனரைச் செருகியதும் அவன் முதலில் செய்வது அதுதான். வண்டிக்குள் பதிவாகியிருக்கும் கோளாறுகளை ஒரே அழுத்தில் அழிப்பான். பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பான். திரும்ப வந்தால்தான் கோளாறு. வராவிட்டால் வண்டி சுத்தம். பன்னிரண்டு வருடப் பழக்கம்.

இன்று விரல் இறங்கவில்லை.

திரையில் ஒரே வரி. ஆக்சிலரேட்டர் பெடல் சென்சார்.

"என்னலே, சாமி படத்தைப் பாக்க மாதிரி பாத்துக்கிட்டு நிக்க?"

வண்டியின் சொந்தக்காரர் தாணுலிங்கம் முதலாளியின் சட்டை வியர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது. டிரைவர் இல்லாததால் அவரே ஓட்டி வந்திருந்தார்.

"வடசேரி சந்தை நடுவுல வச்சு ஆமை மாதிரி நகருது. மிதிக்கேன், மிதிக்கேன், ஏற மாட்டேங்கு. பின்னால வந்த பஸ்காரன் கேக்கான், 'காலையிலயே ஊத்திக்கிட்டியா வே'ன்னு. என்னையப் பாத்து!"

அவன் ஸ்கேனரைத் திரை தெரியும்படி சீட்டில் வைத்தான். மல்லாந்து, பெடலுக்கு மேலே தலையை நுழைத்தான்.

கால் மிதிக்கும் அளவைச் சொல்லும் சென்சார் பெடலுக்குள் ஒன்றல்ல, இரண்டு. ஒரே காலுக்கு இரண்டு சாட்சிகள். ஒன்று சொல்லும் அளவில் சரிபாதியை மற்றது சொல்ல வேண்டும். சொல் மாறினால் இன்ஜின் இரண்டையும் நம்பாது. யாருக்கும் ஆபத்து வராதபடி ஊர்ந்து போகும்.

ஒயர் செருகியிருந்த இடத்தை லேசாக அசைத்தான்.

திரையில் இரண்டாவது சென்சாரின் எண் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. மறுபடி ஏறியது.

உருவிப் பார்த்தான். ஆறு பின்களில் ஒன்று பச்சைக் களிம்பு பூத்திருந்தது.



போன மாதம் இதே வண்டி. ஆரல்வாய்மொழிச் சாலையில் திடீரென்று வேகம் செத்தது. பின்னால் வந்த லாரி உரசிக்கொண்டு போனது. பின்சீட்டில் எட்டு மாதக் கர்ப்பிணியாக முதலாளியின் மகள்.

கூட வந்த முதலாளி டிரைவரை ரோட்டோரம் இறக்கி நிறுத்தினார்.

"ஊதுலே."

பதினோரு வருடமாகக் குடியைத் தொடாத யேசுவடியான், தன் மகள் வயதுப் பெண்ணின் முன்னால் ஊதிக் காட்டினார். வாசனை ஏதும் இல்லை. முதலாளி நம்பவில்லை.

வண்டி இங்கேதான் வந்தது. செருகினான். அழித்தான். ஓட்டிப் பார்த்தான். குதிரை மாதிரி ஓடியது. போனில் கேட்ட முதலாளியிடம் சொன்னான்.

"வண்டி சுத்தம் முதலாளி."

"அப்பம் கோளாறு அவன் கிட்டதான்."

அன்று சாயங்காலம், வேலை போன யேசுவடியான் பட்டறை வாசலில் வந்து நின்றார். பெடல் செத்துப்போச்சு தம்பி, ரெண்டு நிமிசம், பொறவு தானா வந்துட்டு என்றார்.

இவன் வேறொரு வண்டிக்கு அடியில் கிடந்தான். வெளியே வராமலே சொன்னான்.

"மெசின் பொய் சொல்லாது அண்ணாச்சி."

மெஷின் பொய் சொல்லவில்லை. உண்மையை எழுதி வைத்திருந்தது. இவன் வாசிக்காமல் அழித்தான்.

கையிலிருந்த ஸ்பேனர் பறந்து தகரச் சுவரில் மோதியது.

முதலாளி ஓர் அடி பின்னால் போனார்.

"இப்பம் ஓடுமா ஓடாதாலே?"

"அழிச்சா ஓடும்."

"அப்பம் அழி."

"அழிக்க மாட்டேன். ஒருத்தர் பாக்கணும். பொறவு சரி பண்ணித் தாறேன். பின்னால ஏறுங்க."

தன்னிடம் அப்படியொரு குரலை அவனே அதுவரை கேட்டதில்லை. முதலாளி ஏறினார்.

ஒயரை அப்படியே திரும்பச் செருகினான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிய, பெடலைத் தரையோடு மிதித்தபடி ஓட்டினான். வண்டி நடந்தது. நாலு கிலோமீட்டர். பின்னால் ஹாரன் சத்தம் ஓயவே இல்லை. பைக்கில் வந்த ஒருவன் ஜன்னலுக்குள் குனிந்து, பஸ்காரன் கேட்டதையே கேட்டுவிட்டுப் போனான்.

முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கல்யாண மண்டப வாசல். உச்சி வெயில். வாட்ச்மேன் சட்டை போட்ட யேசுவடியான் விசில் ஊதி, அடுத்தவர்களின் கார்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார்.

"வரட்டு... வரட்டு... வலத்த ஒடி... போதும்."

இந்த வண்டியைப் பார்த்ததும் விசில் உதட்டிலிருந்து நழுவியது.

அவன் இன்ஜினை நிறுத்தவில்லை. இறங்கினான். கதவைத் திறந்தே விட்டான்.

"ஏறி மிதிச்சுப் பாருங்க அண்ணாச்சி."

யேசுவடியான் செருப்பைக் கழற்றி வெளியே வைத்தார். எப்போதும் வெறுங்காலோடு ஓட்டுகிறவர். ஏறி உட்கார்ந்தார்.

மிதித்தார். இன்ஜின் முனகியது.

தரையோடு மிதித்தார். முனகல்தான்.

பிறகு மிதிக்கவில்லை, உதைத்தார். மறுபடி. மறுபடி. ஸ்டியரிங்கைப் பிடித்த கைகளில் நரம்பு புடைத்தது. மண்டபத்துக்குள் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"அன்னைக்கும் வண்டி சுத்தமில்ல அண்ணாச்சி." எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "நான்தான் பாக்காம அழிச்சேன்."



யேசுவடியான் அந்த மஞ்சள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். காலை மெல்ல எடுத்தார். பழைய வழக்கம்போல் கை உயர்ந்து, நடுக் கண்ணாடியைத் தன் பார்வைக்குத் திருப்பியது.

கண்ணாடியில் முதலாளியின் முகம் வந்தது.

வெளியே நின்றவன் யேசுவடியானின் வசவுக்காகக் காத்திருந்தான். தனக்கும் சேர்த்து விழட்டும் என்று நினைத்தான்.

"மவளுக்கு சொகமா பெறந்துதா முதலாளி?"

முதலாளி வாயைத் திறந்தார்.

காற்றுதான் வந்தது.