இடமிருந்து மூன்றாவது

"அந்தப் படத்தை எப்ப எடுத்துட்டுப் போறாக, டீச்சர்?"

ஞானபூரணி டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். சுடலைதான்.

"அடுத்த ஞாயிறு கழிஞ்சு, திங்கக்கிழமை. மெட்ராஸ் மியூசியத்துல கேட்டிருக்காக. அங்க போனா திரும்பி வராது."

சுடலையின் முகம் வாடிப்போயிற்று.

1964-இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து திறந்த அந்த விருதுநகர் மியூசியம் மொத்தமே ஒரு கூடம்தான். ஆமத்தூர் கரிசலில் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழி, பருத்தி நிறுத்த தராசு, கொஞ்சம் செப்புக்காசு. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர்தான் ஞாயிறுதோறும் திறந்து வைப்பாள். வருகிறவர்கள் எல்லாரும் தாழியைச் சுற்றி நிற்பார்கள். எம். புதுப்பட்டி பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் சுடலை மட்டும் நாலு மாதமாக ஒரே போட்டோவின் முன்னால் போய் நிற்பான்.

தீப்பெட்டி ஆலை வாசலில் ஆறு பெண்கள். எந்த வருஷம் எடுத்தது என்று போட்டோவில் எழுதவில்லை.

"இத்தனை வாரமா வர்றீக. அதுல உங்களுக்கு வேண்டிய பொண்ணு யாரும் இருக்கா?"

கண்ணாடியில் படாமல் விரலை நீட்டினான். இடமிருந்து மூன்றாவது. பதினேழு வயதிருக்கும். சிரிப்பு வரப்போகிற நேரத்தில் எடுத்த முகம்.

"சண்முகத்தாய். பக்கத்துல நிக்கிறது பொன்னுத்தங்கம், எங்க தெரு. அதுதான் இந்தப் படம் இங்கன இருக்குன்னு சொல்லுச்சு."

"சண்முகத்தாய் இப்ப எங்க?"

"இப்ப இல்லை, டீச்சர்."

டீச்சர் குரலைத் தணித்தாள். "பேசிப் பழகியிருக்கீகளா?"

"ஒரு வார்த்தை பேச வாய்க்கலை. அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும்னு நெனச்சு நெனச்சுப் பாக்குறேன்."

டீச்சருக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள். "உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுல்ல?"

"ஆச்சு. பத்து வருசம்."

"வீட்டுல இது தெரியுமா?"

"இன்னும் சொல்லலை. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருக்கேன்."

"சொல்லவே வேண்டாம். படமும் போகப்போகுது. ஒரு பொம்பளை மனசை எதுக்கு நோகடிக்கணும்?"

சுடலை அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "இல்லை, டீச்சர். சொல்லித்தான் ஆகணும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் தனியாக வரவில்லை. பின்னாலேயே அவன் மனைவி வள்ளித்தாய் வந்தாள். இறுகிய முகம். அழுது சிவந்த கண்கள்.

டீச்சர் சட்டென்று எழுந்து வந்து போட்டோவை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"வாங்கம்மா. முதல்ல தாழியைப் பாருங்க."

"அதெல்லாம் இருக்கட்டும், டீச்சர். அந்தப் படத்தைப் பாக்கணும்."

வேறு வழியில்லாமல் டீச்சர் விலகினாள். வள்ளித்தாய் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள். சுடலை தலை நிமிரவில்லை.

"கோவப்படாதீகம்மா," என்றாள் டீச்சர். "என்னைக்கோ செத்துப்போன பொண்ணு. அவர் ஒரு வார்த்தைகூடப் பேசினதில்லையாம்."

வள்ளித்தாய் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. மடியிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே கனகாம்பரச் சரம் இருந்தது. அதைச் சட்டத்தின் மேல் சாத்திவிட்டு, தன்னைவிடப் பாதி வயதே ஆன அந்தப் பெண்ணைக் கைகூப்பிக் கும்பிட்டாள்.

"இவுகளைப் பெத்த ஆறாம் நாளே கண்ண மூடிட்டீகளே அத்தே. உங்க மருமக வந்திருக்கேன்."